வளர்ச்சி என்னும் சொல்

நம் கவிதைகளில் புற்றுநோய் தீமையின் படிமமாகச் சுலபமாக வந்துவிடுகிறது. துளிர்ப்பதும் வளர்வதும் விசாரணையின்றி நன்மையின் பக்கம் சேர்ந்துவிடுகின்றன. உடல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

முதிர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்பது காஹால் காலத்திலிருந்து ஊறிப்போன முடிவு. 1960களில் ஆல்ட்மன் எலி மூளையில் அதற்கு மாறானதைக் கண்டு எழுதியபோது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1992இல் ரெய்னால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து நரம்பு ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். மனித மூளை பற்றிய சான்று 1998இல் எரிக்சன், கேஜ் குழுவினரிடமிருந்து வந்தது. அவர்கள் ஆராய்ந்தவை புற்றுநோயாளிகளின் மூளைகள், இறப்புக்குப் பின். பிளவுறும் செல்களில் பதியும் ஒரு பொருளைச் சிகிச்சையின்போது அந்நோயாளிகளுக்குச் செலுத்தியிருந்தார்கள், கட்டியின் பெருக்கத்தை அறிய. அதுவே மூளையில் புதிதாய்ப் பிறந்த அணுக்களையும் காட்டிக்கொடுத்தது. நோய், துளிர்ப்பு என்ற பேதம் அந்தப் பொருளுக்கு இல்லை. (மனிதரில் இப்பிறப்பு எவ்வளவு என்ற சர்ச்சை 2018இல் மறுபடி மூண்டது, அது வேறு விஷயம்.)

2004இல் டொரன்டோவில் டர்க்ஸ் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டிற்று. மனித மூளைக்கட்டிகளிலிருந்து, நரம்பு ஸ்டெம் செல்லின் அடையாளம் தாங்கிய நூறு செல்களை எடுத்துச் சுண்டெலி மூளையில் வைத்தார்கள். கட்டி மறுபடி எழுந்தது. அடையாளம் இல்லாதவை ஆயிரக்கணக்கில் வைத்தும் எழவில்லை.

இது வெறும் விஞ்ஞான விநோதமாக நின்றிருக்கலாம். ஆனால் 2001இல் இஸ்ரேலியச் சிறுவன் ஒருவனை, நரம்புகளை மெல்ல அழிக்கும் பரம்பரை நோய்க்காக, மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை அவன் மூளையிலும் தண்டுவடத் திரவத்திலும் செலுத்தினார்கள், பின்னும் இருமுறை. 2005இல் கட்டிகள் தெரிந்தன. 2009இல் வெளியான ஆய்வு, கட்டியில் பெண் செல்கள் இருந்தன என்றது. குறைந்தது இரண்டு கருக்களிலிருந்து வந்தவை.

செல்களை இன்னும் சுத்தமாகத் தேர்ந்தால் போதும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் மாத்திரையை நாளை நிறுத்திவிடலாம். மூளைக்குள் குடிவைத்த உயிரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அதற்குத் தன் வாழ்வு இருக்கிறது. குணமாக்கும் என்று நாம் நம்பியதும் அந்த வாழ்வைத்தான்.

பிள்ளை கண்ணெதிரே தேய்வதைப் பார்க்கிற பெற்றோரை யாரும் நியாயம் விசாரிக்க முடியாது. நம்பிக்கையை விற்கிறவர்களை விசாரிக்கலாம். திரும்பப் பெற முடியாததை இன்னொருவன் உடலில் வைப்பவன், அதற்கு மருந்து என்று பெயரிடுமுன் அதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்துச் செல் நில் என்றால் நிற்பதுதான் ஆரோக்கியம் என்று உடல் வைத்திருக்கிறது. வளர்ச்சியைப் பாடுகிற நாம் அந்த நிற்றலைப் பற்றி இதுவரை என்ன எழுதியிருக்கிறோம்?