தடுக்க வேண்டியவர்களே அமர்த்திய அவை

1947இல் கொழும்பில் தொடங்கிய இலங்கையின் மேலவையான மூதவையில் 30 பேர் இருந்தார்கள். 15 பேரைக் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது. மீதி 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகா தேசாதிபதி நியமித்தார். கீழ்ச்சபை ஆத்திர அவசரத்தில் சட்டம் செய்யும்போது அதை நிதானிக்க வைப்பதும், எண்ணிக்கையில் குறைந்த மக்களுக்குக் காப்பாக நிற்பதும் இந்த அவையின் வேலை என்று சொல்லப்பட்டது. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த அவையைத் தாண்டிப் போயிற்று. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆனார்கள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் அதைத் தாண்டிப் போயிற்று. எதிர்த்துப் பேசியவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் பேச்சு பதிவானது, சட்டம் நிறைவேறியது.

மேலவை பற்றிய விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது: உறுப்பினர்களை நியமிப்பதா, தேர்ந்தெடுப்பதா? மக்களிடம் ஓட்டுக் கேட்டு வராத ஒருவர், மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் முடிவைத் தடுக்கலாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. அடுத்த தேர்தலை எண்ணி அஞ்சாதவர்தான் கூட்டத்துக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்ல முடியும் என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இலங்கை மூதவையில் பாதிப்பேர் தேர்வானவர்கள், பாதிப்பேர் நியமனம் பெற்றவர்கள். இரண்டு வழிகளும் ஒரே அவையில் இருந்தும் அது காக்கவில்லை. காரணம், இரண்டு வாசல்களின் சாவியும் ஒரே கையில் இருந்தது. தேர்ந்தெடுத்தது கீழ்ச்சபை; நியமித்தது அந்தக் கீழ்ச்சபையின் பெரும்பான்மையிலிருந்து வந்த பிரதமர். யாரைத் தடுக்க வேண்டுமோ அவர்களே அமர்த்திய காவல் அது. கீழ்ச்சபை விகிதாசார முறையில் தேர்ந்தெடுத்ததால் சிறுபான்மையினருக்குச் சில இடங்கள் கிடைத்தன என்பது உண்மை. சில இடங்களால் ஒரு சட்டத்தை நிறுத்த முடியாது என்பதும் உண்மை.

நியமன வாசலுக்கு வேறொரு பயனும் இருந்தது. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானபோது அவர் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் அல்லர். உலகின் முதல் பெண் பிரதமர் நாடாளுமன்றத்துக்குள் வந்தது மூதவை வழியாகத்தான். சென்னையில் 1952இல், தேர்தலில் நிற்காத ராஜாஜி ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து முதலமைச்சர் ஆனார். அதைக் கொல்லைப்புற வழி என்று எதிர்த்தவர்கள் பலர். ஆட்சிக்கு உதவும்வரை மேலவை அறிஞர் சபையாகப் போற்றப்படுகிறது. குறுக்கே நின்றால் கதை வேறு. 1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசுக்கு, முந்தைய அரசு அமர்த்திய மூதவைப் பெரும்பான்மை இடையூறாக இருந்தது. 1971 அக்டோபர் 2இல் மூதவை ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு மாநிலத்தின் மேலவையை ஒழிக்க, அந்த மாநிலச் சட்டப்பேரவையின் தீர்மானமும் நாடாளுமன்றத்தின் ஒரு சட்டமும் போதும் என்கிறது அரசமைப்பின் 169ஆவது பிரிவு. தமிழ்நாட்டு மேலவை 1986இல் அப்படித்தான் போனது. 2020 ஜனவரியில் ஆந்திர மேலவை, மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்களை அமைக்கும் மசோதாக்களைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. சில நாட்களிலேயே மேலவையை ஒழிக்கும் தீர்மானத்தைப் பேரவை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் 2021இல் திரும்பப் பெறப்பட்டாலும், தடுத்தால் இருப்புக்கே ஆபத்து என்பதை உறுப்பினர்கள் அன்றே அறிந்துகொண்டார்கள்.

அப்படியானால் எவராலும் ஒழிக்க முடியாத, எதையும் மறுக்கக்கூடிய ஒரு மேலவை நியாயமானதா? அதுவும் நியாயமில்லை. பிரிட்டனின் பிரபுக்கள் சபை பிறப்பால் வந்த உரிமையில் உட்கார்ந்துகொண்டு மக்களவையின் வரவுசெலவுத் திட்டத்தையே மறுத்தது. 1911இலும் 1949இலும் வந்த சட்டங்கள் அந்த மறுப்பதிகாரத்தைப் பறித்து, பொதுவாகச் சுமார் ஓராண்டு தாமதப்படுத்தும் உரிமையை மட்டும் விட்டுவைத்தன. அது சரியான முடிவு. ஒரு சட்டத்தை மறுப்பது வேறு, மறுபடி யோசியுங்கள் என்று கேட்பது வேறு. பின்னதைக் கேட்க நியமன உறுப்பினருக்கும் தார்மீக உரிமை உண்டு.

ஆனால் தாமதம் எதைக் குணப்படுத்தும்? அவசரத்தைக் குணப்படுத்தும். ஆளும் கட்சி ஒரு கோபத்தில் செய்ய முனைந்ததை ஆறப் போடும். 1956இல் நடந்தது அவசரம் அல்ல. ஆட்சிக்கு வந்தால் 24 மணி நேரத்தில் சிங்களத்தை ஆட்சிமொழி ஆக்குவோம் என்று சொல்லித்தான் அன்று வென்றவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். அந்த வாக்குறுதிக்குத்தான் ஓட்டும் விழுந்தது. ஓராண்டு தாமதித்திருந்தாலும் அதே சட்டம்தான் வந்திருக்கும். பெரும்பான்மை நன்கு யோசித்து, தெரிந்தே, தேர்தல் மேடையில் அறிவித்துச் செய்யும் அநீதிக்குக் காலம் மருந்தாகாது. எப்போதும் எண்ணிக்கையில் குறைந்தே இருக்கப்போகும் மக்களுக்கு, சில கேள்விகளிலாவது மறுக்கும் உரிமை வேண்டும். பெல்ஜியத்தில் சில சிறப்புச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது. டச்சு மொழிக் குழு, பிரெஞ்சு மொழிக் குழு இரண்டிலும் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும். எண்ணிக்கையால் ஒருவரின் மொழியையும் குடியுரிமையையும் பறிக்கக் கூடாது என்று ஏற்பவர்கள் இத்தகைய ஏற்பாட்டை ஜனநாயக விரோதம் என்று தள்ள முடியாது.

இங்கே ஒரு தயக்கம் வருகிறது, வரவும் வேண்டும். சிறுபான்மை என்பதற்குள்ளும் பெரியவர், சிறியவர் உண்டு. இலங்கையில் 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களிலிருந்து விலக்குவதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்றவர்கள் தமிழர்களே. தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு எல்லாவற்றிலும் மறுப்பதிகாரம் இருந்து, அவர்களை அமர்த்தும் அதிகாரம் ஊர்ப் பெரியவர்களிடம் இருந்திருந்தால், அப்படிப்பட்ட ஒரு சட்டத்தை யார் காப்பாற்றியிருப்பார்கள்? ஆகவே மறுப்பதிகாரத்துக்கு எல்லை குறுகலாக இருக்க வேண்டும். இருக்கும் சம உரிமையைப் பறிக்கும் சட்டத்தில் மட்டும் அது செல்ல வேண்டும். இல்லாத சம உரிமையை ஒருவருக்குக் கொடுக்கும் சட்டத்தில் எவருக்கும் அது இருக்கக் கூடாது. எது பறிப்பது, எது கொடுப்பது என்பதை ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாத ஒரு நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்.

2017 செப்டம்பரில் இலங்கை அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தற் குழு தந்த இடைக்கால அறிக்கை, புதிய இரண்டாம் சபை ஒன்றை முன்வைத்தது. மொத்தம் 55 பேர்: 9 மாகாண சபைகளிலிருந்து தலா 5 பேர், நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் 10 பேர். சாதாரணச் சட்டங்களை அது மறுபரிசீலனைக்கு அனுப்பலாம், மறுக்க முடியாது. அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு அங்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1947இன் மூதவையைவிட இது நல்லது. 45 பேரை அமர்த்துவது கொழும்பு அல்ல, மாகாணங்கள். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 55 பேரில் ஒரு திருத்தத்தைத் தடுக்க 19 பேர் வேண்டும். வடக்கும் கிழக்கும் சேர்ந்தால் 10 பேர். அந்தப் பத்துப் பேரும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய குறை மலையகத்தில் இருக்கிறது. 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளை அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டே குடியுரிமை இழந்த அந்த மக்களுக்கென்று ஒரு மாகாணம் கிடையாது. மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் அவர்கள் சிறுபான்மையே. மாகாணங்களை மட்டும் அலகாகக் கொண்டால், மேலவையின் காப்பு யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களுக்கு அங்கே உறுதியான ஓர் இருக்கைகூட இராது. நாடாளுமன்றத்துக்கு விடப்பட்ட பத்து இடங்களில் சில மலையக மக்களுக்கு உரியவை என்றும், அவற்றில் அமர்வோரை அந்த மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்றும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.