சின்னமும் சேவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றிலுள்ள கத்தோலிக்கத் தேவாலயத்தில் அண்மையில் ஒரு பாராட்டு விழா நடைபெற்றது. ஞாயிறு பூசை முடிந்த பின்னும் மக்கள் கலையாது அமர்ந்திருந்தனர். சாரண இயக்கத்தின் மிக உயர்ந்த விருதாகிய ஜனாதிபதி சாரணர் விருதைப் பெற்ற மாணவன் ஒருவனுக்குப் பங்குச் சுவாமியார் மாலை சூட்டினார். கடற்றொழில் செய்யும் அவனுடைய தந்தையார் முன்வரிசையில் அமர்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். அம்மாணவனின் பதிவேட்டில் ஒப்பமிட்ட ஆசிரியர்களுள் நாமும் ஒருவராதலின், எமக்கும் அருகில் ஓர் ஆசனம் கிடைத்தது.

பரீட்சைப் பெறுபேற்றையும் வெளிநாட்டுப் பயணத்தையும் மட்டுமே கொண்டாடப் பழகிவிட்ட எமது சமூகம், ஒரு சிறுவன் ஆற்றிய சேவையைக் கொண்டாட முன்வருவது மகிழ்ச்சிக்குரியதே. முகாம் வாழ்வு, முதலுதவி, சமூகப் பணி எனப் பல படிகளைப் பொறுமையோடு கடந்து அவன் அந்த விருதை அடைந்தான். ஊரின் பொதுக்கிணற்றை இறைத்துச் சேறு அகற்றி, இடிந்த கட்டைத் திருத்தியமைத்தது அவனுடைய சேவைத் திட்டம். சுவாமியார் அதனை எடுத்துரைத்தபோது தேவாலயம் கரவொலியால் நிறைந்தது.

அவ்வேளையிற் பக்கவாசலில் நின்ற மற்றொரு சிறுவன்மீது எமது பார்வை சென்றது. கிணறு இறைத்த அன்று அடிவரை இறங்கி, சேற்றை வாளி வாளியாக நிரப்பி மேலே அனுப்பியவன் அவன். ஆயினும் அவன் சாரணன் அல்லன். சீருடை வாங்க வீட்டில் வசதியில்லை. சாரணர் குழு கூடும் சனிக்கிழமைக் காலைகளில் அவன் கரையில் நின்று வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பான். சில நாட்கள் வந்து பார்த்தான். வரவு போதாதென்று அவனுடைய பெயரை நீக்கியவர்கள் நாமே. விருது பெற்ற மாணவன் எழுதிக் கொண்டுவந்த நன்றியுரையில் அந்த நண்பனின் பெயர் இருந்தது. உரை நீள்கின்றதென்று கருதி அந்த வரியை வெட்டியவர்களும் நாமே.

கைம்மாறு கருதிச் செய்யப்படும் சேவை சேவையாகுமா என்பது பழைய வினா. தருமத்தைப் பிறர் காணச் செய்தலாகாது என்று மலைப்பிரசங்கம் போதிக்கின்றது. ஒப்புரவுக்கு உவமை தேடிய வள்ளுவர், உலகிடம் எதனையும் எதிர்பாராத மழையையே காட்டினார். இவ்வறத்தைக் கடுமையாகப் பற்றுவோர் மாலையும் சின்னமும் வேண்டாமென்பர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். வளரும் பிள்ளைக்கு ஊக்கம் வேண்டும்; ஊரார் மெச்சுவதைக் கண்டு நன்மையில் நாட்டம் கொள்வது மனித இயல்பு. சின்னம் சேவையை நினைவூட்டும்வரை அதனால் தீங்கில்லை. சின்னமே சேவையின் அளவுகோலாகிவிடும்போதுதான் தீங்கு பிறக்கின்றது. அப்போது ஓய்வும் வசதியும் உடையவன் செய்தது மட்டுமே ஏட்டில் ஏறுகின்றது. அவை இல்லாதவன் செய்தது பெயரின்றி மறைந்துபோகின்றது. அவன் சேவையே செய்யவில்லை என்று ஊர் நம்பத் தொடங்குகின்றது.

இவ்வியக்கத்தின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இதனைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் படைத்தளபதி. தென்னாபிரிக்காவில் மாவ்கிங் நகரம் 217 நாட்கள் முற்றுகைக்குள்ளானபோது அதனைக் காத்து நின்று புகழ் பெற்றவர். அவருடைய அரசியல் எமக்கு உடன்பாடானதன்று. எனினும் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீத் தீவில் அவர் நடத்திய முதன்முகாமில் செல்வர் பாடசாலைப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினர். முன்னையோரிடம் ஒரு பவுணும், பின்னையோரிடம் மூன்று சிலிங் ஆறு பென்சும் கட்டணமாகப் பெறப்பட்டன. எல்லோருக்கும் ஒரே கட்டணம் விதித்தால் வாசல் எல்லோருக்கும் திறந்திராது என்பதை அத்தளபதி அறிந்திருந்தார். சமத்துவம் பேசும் ஆசிரியர்களாகிய நாமோ, சீருடையையும் வரவையும் எல்லோருக்கும் ஒன்றாக விதித்துவிட்டு, அதனை நீதியென்று எண்ணியிருந்தோம்.

விழா முடிந்து சிற்றுண்டி பரிமாறப்பட்டபோது, விருது பெற்ற மாணவன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கவாசலுக்குச் சென்று தன் நண்பனை அழைத்துவந்து அருகில் இருத்தினான். நாம் வெட்டிய வரியை அவன் தன் செயலால் மீண்டும் எழுதினான். அவனுக்கு நாம் கற்பித்தவற்றுள் அது இல்லை.

ஒரு பிள்ளையின் உயர்வைக் கொண்டாடும் சபை, அடுத்த பிள்ளைக்கு வழி செய்தாலன்றி அக்கொண்டாட்டம் நிறைவுறாது. சாரணர் குழுவின் கூட்டத்தை இனிச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றுவதென்று தீர்மானித்துள்ளோம். சீருடைகளைப் பாடசாலையின் பொதுவுடைமையாக வைத்து வழங்குமாறு கோரியுள்ளோம். பங்குச் சபையினர் விழாச் செலவில் மீந்த பணத்தை இதற்குத் தர இசைந்துள்ளனர். இவை சிறியவையே. எனினும் வெட்டிய பெயரை மீண்டும் ஏட்டில் எழுதும் கடன் எம்முடையது. இதனைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களும் தத்தம் பதிவேடுகளை ஒருமுறை திறந்து, அவற்றில் இல்லாத பெயர்கள் எவையென்று எண்ணிப் பார்ப்பார்களாக.