சில்லும் தவ்பாவும்

பார்வைக்குச் சரியாயிருப்பதைச் சரியென்று சொல்வது பொய்யாகுமா?

மாணவனொருவனின் சைக்கிளுக்கு முன்சில்லு பூட்டிக் கொடுத்தேன். புது ரிம்; பக்கத்துக்கு 16 வீதம் 32 கம்பிகள். நெளிவு தெரிந்த இடங்களில் மட்டும் நிப்பிளை முறுக்கினேன். சில்லு நேராக ஓடியது. சில கம்பிகள் தொளதொளப்பது கைக்குத் தெரிந்தும், "சரி" என்று கொடுத்துவிட்டேன்.

சில மாதங்களில் ஹப்பின் அருகே ஒரு கம்பி முறிந்தது. மற்றவற்றைச் சுண்டினேன். சில கணீரென்றன, சில மந்தமாக ஒலித்தன. இறுகியவை சுமையைத் தாங்க, தளர்ந்தவை ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து வளைவில் தேய்ந்திருந்தன. ஓட்டத்தில் நேர் இருந்தது. வேலையில் நேர்மை இல்லை.

பாவத்தை விடுதல், வருந்துதல், மீளாதிருக்க உறுதி கொள்ளுதல் எனத் தவ்பாவுக்கு இமாம் நவவி (ரஹ்) மூன்று நிபந்தனைகள் கூறுவார்கள். மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டால், அதைத் தீர்ப்பது நான்காவது.

முறிந்ததை மட்டும் மாற்றியிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் தளர்த்தி, கால் சுற்று வீதம் சமமாக இறுக்கி, ஓசைகள் ஒன்றுபடும்வரை இருந்தேன். மஃரிபாகிவிட்டது.

நான்காவதுதான் கடினமாயிருந்தது.

"அண்டைக்குச் சரியெண்டு சொன்னது பிழை, மகன். தொளதொளத்தது எனக்குத் தெரியும்."

"நேராத்தானே ஓடிச்சு, சேர்?" என்றான்.

நேராக ஓடினால் போதுமென்று அவன் என்னிடமே கற்றிருக்கிறான். கம்பியை மாற்றிவிட்டேன், அந்தப் பாடத்தை இன்னும் திருத்தி முடிக்கவில்லை.