கதவு சாத்திய அறையில்



நமது சேதராப்பட்டுப் பிள்ளைகளில் பலர் விசுவாசப் பிரமாணத்தைத் தட்டுத் தடங்கலின்றி ஒப்பிக்கிறார்கள். பெற்றோருக்கு அதில் சந்தோஷம்; எனக்குந்தான். ஆனால் ஒப்பிக்கிறதை நாம் கற்றுக்கொடுக்கிறோம். விசுவசிக்கிறதை யார் கற்றுக்கொடுக்கிறது? பெற்றோரின் நடத்தையே என்று எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டிருப்பீர்கள். அங்கேதான் ஒரு சங்கடம் எழுகிறது. "சாமி, எனக்கோ ஜெபத்தில் மனம் நிற்பதில்லை. பிள்ளை பார்க்கவேண்டுமென்று முழங்காலில் இருந்தால் அது வேஷமாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மையான மனதில்தான் இக்கேள்வி பிறக்கும். ஆகையால் அதைத் தட்டிக் கழிக்கலாகாது.

ஆண்டவருடைய வார்த்தைகளே இரண்டு பக்கமாய் நிற்பதுபோல் தோன்றும். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் நம்முடைய வெளிச்சம் மனிதர்முன் பிரகாசிக்கட்டுமென்கிறார். அடுத்த அதிகாரத்திலோ, பிறர் காணும்படி தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவர்களைக் கண்டித்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுகிறார். சரி, சாத்திக்கொள்ளுவோம். ஊரார் வெளியே நின்றுபோவார்கள். பிள்ளை? அது நமக்கு முன்னமே உள்ளே இருக்கிறது! தெருவில் நாம் கைகூப்பி வணங்கிய மனிதரை, உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் என்ன சொல்லி ஏசுகிறோமென்று கேட்கிறதும் அதுவே. நம்முடைய அந்தரங்கத்தைச் சர்வேசுரனுக்கு அடுத்தபடியாகக் காண்கிறது பிள்ளைதான். ஊருக்கு ஒரு மணிநேரம் வேஷம் போடலாம். ஒரே கூரையின் கீழ் பத்து வருஷம் போட முடியுமா?

மனம் வறண்ட நாளில் முழங்காலில் நிற்கிறவன் பொய் சொல்லவில்லை. தனக்குப் பசியில்லாத நாளிலும் தாய் உலை வைக்கிறாள். அவளை வேஷக்காரி என்பாருண்டோ? கடமை ஒன்று, உருக்கம் வேறொன்று. உருக்கம் வராவிட்டால் வந்ததுபோல் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுகிறதுதான் வேஷம். அதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுகொள்ளும்.

குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாளை அறியாதவர் நம்மில் இல்லை. 1873-ல் பிரான்சு தேசத்தில் பிறந்தவள். நாலு வயதில் தாயை இழந்தவள். கோவிலில் பிரசங்கத்தின்போது குருவைப் பார்த்ததைவிடத் தன் தகப்பனார் முகத்தையே அதிகமாய்ப் பார்த்ததாகத் தன் சரித்திரத்தில் எழுதுகிறாள். (பிரசங்கிக்கிறவர்களுக்கு இது சற்றுக் கசப்பான சேதி!) அந்தத் தகப்பனார் லூயி மர்த்தேன், கடிகாரம் பழுதுபார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நன்றாய் நடக்குமென்று தெரிந்தும் அன்று கடையைத் திறக்கமாட்டார். பெண்பிள்ளைகள் ஐவரும் கன்னியாஸ்திரீகளானார்கள். 2015-ல் திருச்சபை அவரையும் அவர் மனைவி செலியையும் தம்பதிகளாகவே அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தியது.

இதைப் படித்ததும் நமது தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிற தகப்பன்மார், "எங்களுக்குச் சொந்தக் கடையா இருக்கிறது, மூடுவதற்கு? ஞாயிறும் ஷிப்டு, ராத்திரியும் ஷிப்டு" என்பார்கள். நியாயமே. வயிற்றுப் பிழைப்புக்குப் போகிறவனைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். என்றாலும், ஓய்வுநாள் கிடைக்கிற ஞாயிறு காலையில் பூசை மணி அடிக்கையில் நீங்கள் என்ன செய்கிறீர்களென்பதைப் பிள்ளை கவனிக்கிறது. அர்ச். சூசையப்பர் பேசின ஒரு வார்த்தையாவது சுவிசேஷத்தில் இல்லை. சேசுநாதரை ஊரார் தச்சன் மகன் என்றே அடையாளம் சொன்னார்கள்.

ஜெபத்தைவிடப் பெரிய சோதனை வேறொன்றுண்டு. புதுச்சேரியில் அக்காலத்திலிருந்த சம்பாக் கோவிலுக்குள், தீண்டாதவரென்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745-ம் வருஷம் அவர்கள் முறையிட்டதையும், சுவர் இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தமது தினசரியில் எழுதியிருக்கிறார். தெற்கே வடக்கன்குளத்திலும் கோவிலுக்குள் ஜாதிச் சுவர் இருந்தது. 1910-ல் கௌசானல் சுவாமியார் அதை இடித்தார். இடித்ததற்காக வழக்கும் நடந்தது. நினைத்துப் பாருங்கள்: அக்கோவில்களில் பிள்ளைகள் ஞானோபதேசம் படித்தார்கள். சர்வேசுரன் எல்லாருக்கும் பிதா என்று வாய் சொல்லிற்று. கண் சுவரைப் பார்த்தது. எது மனதில் பதிந்திருக்கும்? புத்தகத்தில் குறையில்லை, உபதேசியாரிலும் குறையில்லை. சுவர் நாள் முழுதும் பேசிக்கொண்டேயிருந்தது, அவ்வளவுதான்.

செங்கல் சுவர் இன்று நம் கோவிலில் இல்லை. வீட்டில்? வேலைக்கு வருகிறவருக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிற கிறிஸ்தவ வீடுகள் இன்னும் உண்டு. மகனோடு படிக்கிற பையன் வந்துபோனபின் "அவன் எந்தத் தெரு?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிற வீடுகளும் உண்டு. பிள்ளை எதிர்த்துக் கேட்பதில்லை. எந்த டம்ளர், அலமாரியில் எந்த மூலை என்பதைமட்டும் குறித்துக்கொள்கிறது. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் "எங்கள் பிதாவே" என்று சொல்லும்போது, "எங்கள்" என்பதில் யார் யார் சேர்த்தி என்று அது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அப்படியொரு டம்ளர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே, பிள்ளைகள் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து, அதைக் கழுவி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வையுங்கள். ஏனென்று கேட்டால் இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம்.