தலையெழுத்தா, மனச்சுயாதீனமா?



பயிர் சாவியானாலும், பிள்ளை குடித்துக் கெட்டாலும், "எல்லாம் தலையெழுத்து" என்பது நம் தஞ்சைச் சீமையின் வழக்கம். வாய்க்காலில் நீர் வராததும் மனிதன் கள்ளுக் குடிப்பதும் ஒன்றாகுமா? முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் மனதில் இருக்கிறது.

சிலர் வேறுவிதமாய்க் கேட்பார்கள்: "நான் மோட்சம் சேர்வேனா, நரகில் விழுவேனா என்று சர்வேசுரன் முன்னமே அறிவாரே. பிறகு நான் பிரயாசைப்பட்டு ஆவதென்ன?"

அறிவது வேறு, செய்விப்பது வேறு. சேவல் கூவுமுன் இராயப்பர் மும்முறை மறுதலிப்பார் என்று சேசுநாதர் முன்னறிவித்தார். அந்த வார்த்தையா அவரை மறுதலிக்கச் செய்தது? இல்லை, பயத்துக்கு இடங்கொடுத்தது அவர் மனமே. யூதாஸின் துரோகமும் முன்னறிவிக்கப்பட்டதுதான். ஒரே இரவில் இருவரும் விழுந்தார்கள். ஒருவர் அழுது திரும்பினார். மற்றவர் அவநம்பிக்கையில் மாண்டார்.

முற்பிறப்பின் வினை என்று சொல்லவும் நமக்கு வழியில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமி, 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்னும் நூலெழுதி மறுபிறப்புக் கொள்கையை மறுத்தார்.

திருச்சபை போதிப்பது யாது? ஆதிப்பாவத்தால் மனச்சுயாதீனம் பலவீனப்பட்டதேயன்றி அழிந்துபோகவில்லை. வரப்பிரசாதம் தூண்டும்போது மனிதன் இணங்கவும் கூடும், தள்ளவும் கூடும் என்று 1547-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் தீர்மானித்தது. சர்வேசுரன் எவரையும் தீமைக்கென்று நியமிப்பதில்லை. வரப்பிரசாதமும் மனச்சுயாதீனமும் எவ்விதம் இசைகின்றன என்பதில் சாமிநாதர் சபையாரும் சேசு சபையாரும் நெடுநாள் வாதாடினார்கள். 1607-ல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் இரு கட்சியையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் பழிக்கலாகாது என்று கட்டளையிட்டார். அது நம் புத்திக்கு எட்டாத பரம இரகசியம்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். நீர் வந்தால்தான் குறுவை. ஆனால் தன் வயல் மடையைத் தானே அடைத்தவன் அணையைக் குறைகூறலாமா? இவ்வுவமை ஓரிடத்தில் குறைவுபடும்: மடையைத் திறக்கும் மனமும் பலமுங்கூட வரப்பிரசாதத்தின் உதவியாலேயே வருகின்றன. ஆதலால் திறந்தவன் பெருமை பாராட்டவும் இடமில்லை.

தாய் தகப்பன்மாரே, வழிதவறிய மகனை "அவன் விதி" என்று கைவிடாதீர்கள். பிறருக்காகச் செய்யும் செபமும் நற்கிரியையும் தேவ ஏற்பாட்டிலேயே அடங்கியவை என்று அர்ச். அக்குவினா தோமையார் போதிக்கிறார். இன்றிரவு நீங்கள் சொல்லும் ஜெபமாலையும், அவனிடம் நீங்கள் பேசும் ஓர் அன்பான வார்த்தையும், அவன் திரும்புவதற்கென்று சர்வேசுரன் ஆதிமுதல் குறித்து வைத்த வழியாக இருக்கலாம் அன்றோ?