நெருப்பைத் திருப்பும் உரிமை

சிசிலித் தீவின் எட்னா எரிமலைக்கு அத்தீவினர் வழங்கும் மற்றொரு பெயர் மொங்கிபெல்லோ. மலையைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லும், அதே பொருளுடைய அரபுச் சொல்லான 'ஜபல்' என்பதும் ஒட்டிப் பிறந்தது அது. 827இல் தொடங்கி அங்கே நிலைபெற்ற முஸ்லிம் ஆட்சி விட்டுச் சென்ற சுவடு! அதன் சரிவுகளில் இன்றும் மக்கள் திராட்சையும் பிஸ்தாவும் விளைவித்து வாழ்கின்றனர். எரிமலைச் சாம்பல் கலந்த மண் வளமானது. அவர்களைப் பேதையர் என்று நாம் இகழ்வதற்கில்லை.

எட்னாவின் உச்சி புகைவதை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அஞ்சத்தக்கது விலாப்புற வெடிப்பே. பாறைக்குழம்பு மலையின் உள்ளே பக்கவாட்டில் பிளந்து வந்து, தாழ்ந்த சரிவில் வீடுகளுக்கு அருகிலேயே வாய் திறக்கும். வாயுவின் வேகத்தால் கங்கும் சாம்பலும் வானில் சிதறும். 1669 மார்ச் 11இல், நிக்கோலோசி அருகே ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் அதுவே நிகழ்ந்தது. நிலநடுக்கங்கள் அவ்வூரை முன்னரே இடித்திருந்தன. அன்று சிதறிக் குவிந்தவை மோந்தி ரோஸ்ஸி என்னும் செங்குன்றுகளாக இன்றும் நிற்கின்றன. குழம்போ, வழியிலிருந்த ஊர்களை விழுங்கிக் கத்தானியா நகரை நோக்கி இறங்கிற்று.

அந்நகரத்தாரில் சிலர், தீகோ பப்பலார்தோ என்பவர் தலைமையில், ஈரத் தோல்களைப் போர்த்திக்கொண்டு இரும்புக் கம்பிகளால் குழம்பாற்றின் கரையை உடைத்தனர். நெருப்பு திசை திரும்பிற்று. திரும்பிய திசையில் பத்தர்னோ என்னும் ஊர் இருந்தது! அவ்வூரார் ஐந்நூறு பேர் ஆயுதம் தாங்கி வந்து அவர்களைத் துரத்தினர் என்பது வரலாறு.

யார் பக்கம் நியாயம்? ஒரு தீங்கை அதற்கு நிகரான மற்றொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது நம் சட்ட அறிஞர்களின் விதி. பொதுத்தீங்கைத் தடுக்கத் தனித்தீங்கைப் பொறுக்கலாம் என்ற விதியும் உண்டு; பெருநகருக்காகச் சிற்றூர் அழியட்டும் என்போர் அதனைத் துணைக்கழைக்கலாம். ஆனால், மூழ்கும் கப்பலில் பலரைக் காக்க ஒருவரைக் கடலில் எறிவதற்கு இமாம் கஸ்ஸாலி இடம் தரவில்லை. சரக்கை எறியலாம், மனிதரை எறியலாகாது. பத்தர்னோ சரக்கன்று. கத்தானியரின் துணிவை நாம் மதிக்கிறோம். எனினும் அந்த ஐந்நூறு பேரோடு நிற்கவே நம் மனம் ஒப்புகிறது.

1992 மே மாதத்தில், ஜபெரானா என்னும் ஊரை நெருங்கிய குழம்பை வெடிவைத்துத் திருப்பினர். அப்போது உடைத்த இடம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருந்தது. திருப்பிவிட்டதும் ஆளற்ற பள்ளத்தாக்கில். அங்கே இக்கேள்விக்கே இடமில்லை. வெடிப்பு எவ்வளவு தாழ நிகழ்கிறதோ, அவ்வளவுக்கு எச்சரிக்கும் நேரம் குறைகிறது. திருப்பிவிடுவதற்கு வெற்றிடமும் அற்றுப்போகிறது.

1669இல் பத்தர்னோவார் காவல் நின்றபின் உடைப்பு அடைபட்டது. குழம்பு பழைய வழியே சென்று கத்தானியாவின் மதிலைத் தகர்த்து, நகரின் மேற்குப் பகுதியை எரித்துக் கடலில் இறங்கிற்று.