ஏற்றியவர்களே இறக்கவும் வேண்டும்

2024 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை திருகோணமலையில் கூடி, தன் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவுசெய்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. மூன்றாமவராக நின்ற சீனித்தம்பி யோகேஸ்வரன் சிறீதரனுக்கு ஆதரவளித்து ஒதுங்கியிருந்தார். 1949 டிசம்பரில் தொடங்கிய கட்சியில் தலைமைப் பதவிக்கு இப்படி ஒரு போட்டி நடந்தது அதுவே முதல் தடவை. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். ஒரு மாதம் ஆகுமுன்னரே, பெப்ரவரி 15இல், அதே ஊரின் மாவட்ட நீதிமன்றம் 19ஆம் திகதி நடக்கவிருந்த தேசிய மாநாட்டுக்குத் தடை விதித்தது. பொதுச்சபை யாப்பின்படி நடக்கவில்லை என்பது வழக்காளியின் முறைப்பாடு. மாநாடு நடக்காததால் வென்றவர் பதவியேற்க முடியவில்லை. மாவை சேனாதிராசாவே தலைவராகத் தொடர்ந்தார். அவருக்குப் பிறகு சி.வீ.கே. சிவஞானம் பதில் தலைவரானார்.

யாருக்கு நியாயம் இருந்தது என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சட்டத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு கேள்வி உண்டு. ஒருவரைத் தலைவராக ஏற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது, அவரை இறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? இரண்டும் ஒரே கையில் இல்லாதபோதுதான் அறம் தவறுகிறது.

திருகோணமலை மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1977இல் முதன்முதலாக இந்தத் தொகுதியில் வென்ற இரா. சம்பந்தன், 2020 பொதுத்தேர்தலில் தன் 87ஆவது வயதில் மீண்டும் தெரிவானார். மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். அவற்றில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டுகளில் முதுமையும் நோயும் அவரைக் கொழும்பில் முடக்கின. 2022இலும் 2023இலும் அவர் பதவி விலக வேண்டும் என்ற பேச்சு கட்சிக்குள் எழுந்தது; 2023இல் சுமந்திரன் அதை வெளிப்படையாகவே சொன்னார். சம்பந்தன் விலகவில்லை. 2024 ஜூன் 30இல், 91ஆவது வயதில், நாடாளுமன்ற உறுப்பினராகவே காலமானார்.

அவர் பக்கத்து வாதம் இலேசானதல்ல. மக்கள் அவருடைய வயதைத் தெரிந்துகொண்டே வாக்களித்தார்கள். மக்கள் தந்ததைக் கட்சிக்காரர் ஒருவர் திருப்பிக் கேட்கலாமா? நாற்பது ஆண்டுக்கு மேல் சுமந்த ஒருவரை, படுத்த பிறகு எழுந்து போ என்பது நன்றிகெட்ட செயல் இல்லையா? தமிழ்ச் சமூகத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பாரம் அதிகம். மூத்தவரிடம் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எவருக்கும் நா எழாது.

ஆனால் எதிர்ப்பக்கத்தை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பார்க்க வேண்டும். கச்சேரியில் மேசையைச் சுற்றி நாடாளுமன்ற உறுப்பினர்கள், பிரதேச செயலாளர்கள், திணைக்களத் தலைவர்கள் உட்காருவார்கள். குச்சவெளியில் தொல்பொருள் திணைக்களமோ வனத் திணைக்களமோ காணிக்குள் எல்லைக்கல் போட்டது பற்றி, மூதூர்ப் பக்கத்துக் குளத்தைப் பற்றி, கடற்றொழிலாளரின் வலையைப் பற்றி அங்கேதான் பேச வேண்டும். பேச வேண்டியவர் வரவில்லையென்றால் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். மற்றக் கட்சிகளுக்கு அந்த மேசையில் வேறு ஆட்கள் இருக்கலாம். தமிழரசுக்கு வாக்களித்தவர்களுக்கு இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். நன்றிக்கடன் கட்சித் தோழர்களுக்கு உண்டு. அதைத் தீர்க்க, திரியாய்க் கிராமத்துக் கமக்காரனின் ஆசனத்தை அவர்கள் எடுத்துக்கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விகிதாசார முறையில் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் அடுத்த விருப்பு வாக்குப் பெற்றவர் உள்ளே வருவார். சம்பந்தன் மறைந்ததும் சண்முகம் குகதாசன் அப்படித்தான் வந்தார். 1997இல் சம்பந்தனே நாடாளுமன்றத்துக்குத் திரும்பியதும் அருணாசலம் தங்கத்துரை விட்டுப்போன வெற்றிடத்தின் வழியாகத்தான். ஆகவே விலகியிருந்தால் இழப்பு எவருக்கும் இல்லை. மாவட்டம் தன் ஒரு குரலை ஓரிரு ஆண்டு முன்பே மீட்டிருக்கும்.

அவர் விலகியிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அதைவிடப் பெரிய பழி, அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் மேல் விழுகிறது. 2014இல் வவுனியா மாநாட்டில் கட்சித் தலைமையை மாவை சேனாதிராசாவிடம் கையளித்தவர் அவர். பதவியை விட்டுக்கொடுக்கத் தெரியாத மனிதர் அல்லர். ஆனால் நாடாளுமன்றக் குழுத் தலைமைக்கும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைமைக்கும் ஒரு தவணையை எவரும் வைக்கவில்லை. ஏகமனதாகத் தெரிவு, ஏகமனதாகத் தொடர்ச்சி. இறங்குவதற்குப் படியே கட்டாமல் ஒருவரை மேலே ஏற்றிவிட்டு, பிறகு கீழே நின்று ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்கள். அதையும் செயற்குழுவில் வாக்கெடுப்பாகக் கேட்கவில்லை, பேட்டியில் கேட்டார்கள். மூத்தவரை அவமதித்தது விலகச் சொன்னதா? இல்லை, ஊடகத்தின் வழியாகச் சொன்னதுதான்.

இறக்கும் உரிமை யாருக்கு இல்லை என்பதற்கு 1981 ஜூலை சாட்சி. அப்போது அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆசனம் வைத்திருந்த ஆளுங்கட்சியின் உறுப்பினர்கள், எதிர்க்கட்சித் தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். யாழ் நூலகம் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவரை அந்த இடத்தில் வைத்தது ஆளுங்கட்சியின் நம்பிக்கை அல்ல. எனவே அதை அவர்கள் மீளப்பெற முடியாது. தீர்மானத்துக்குப் பிறகும் அவர் எதிர்க்கட்சித் தலைவராகவே இருந்தார். இதற்கு மாறாக, 2015 செப்டெம்பரில் 16 உறுப்பினர்களோடு எதிர்க்கட்சித் தலைவரான சம்பந்தன், 2018 டிசம்பரில் எண்ணிக்கை மாறியதென்று சபாநாயகர் அறிவித்தபோது அந்த இடத்தை மகிந்த ராஜபக்சவிடம் இழந்தார். அந்த அறிவிப்பைச் சபையில் அவர் கேள்விக்குட்படுத்தினார். ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது. விதி இருந்ததால் அதில் எவருக்கும் மானக்கேடு இல்லை.

தமிழரசுக் கட்சியின் பழைய காலத்தில் இதைவிடத் தெளிவு இருந்தது. 1951இல் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியதும், 1956 ஓகஸ்டில் நடைபயணமாக வந்து கோரிக்கைகளைத் தீர்மானமாக்கியதும் இதே திருகோணமலையில். கட்சியை நிறுவிய செல்வநாயகத்துக்கு நிகரான ஆள் அதில் இல்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். அவர் இருக்கும்போதே கு. வன்னியசிங்கமும், திருகோணமலை உறுப்பினர் இராசவரோதயமும், இராசமாணிக்கமும், நாகநாதனும் தலைவர் பதவியில் இருந்தார்கள். செல்வாக்கு ஒருவரிடம் இருந்தது, பதவி கைமாறியது. செல்வநாயகம் நடுக்குவாத நோயால் நலிந்திருந்த நாட்களில், 1972இல், காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து மக்களிடம் திரும்பிப் போனார். இடைத்தேர்தலை அரசு 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. அவர் வென்றார். நோயாளித் தலைவர் இருக்கக்கூடாது என்று எவரும் சொல்ல முடியாதபடி செய்தது அந்தத் துறப்புத்தான். தந்தவர்களிடமே மறுபடி கேட்டுப் பெற்ற ஆணை அது.

எங்கள் சமூகத்தில் இந்தக் கேள்விக்கு இரத்தக்கறையும் உண்டு. அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். தங்கத்துரை 1997 ஜூலை 5இல் திருகோணமலையிலேயே கொல்லப்பட்டார். தலைவர்களைத் துப்பாக்கி அகற்றிய காலம் அது. அதனால்தான் 'ஒற்றுமை' என்ற பெயரில் போட்டியையே பயந்து ஒதுக்கும் வழக்கம் வேர்விட்டது. போட்டி வந்தால் பிளவு, பிளவு வந்தால் அழிவு என்று நம்பினோம். அந்தப் பயத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டியை மூடிவைத்ததால் பகை குறையவில்லை, மறைவிடத்துக்குப் போனது. 184க்கு 137 என்ற எண்கள் பெறுமதியானவை இதனால்தான். துவக்கு இல்லாமல், வசை இல்லாமல், ஒரு மண்டபத்துக்குள் எண்ணி முடித்த கணக்கு அது. அந்தக் கணக்கை மாநாட்டுக்கு முன்னரே முடக்கியதன் சேதம் ஒரு மனிதருடைய பதவியோடு நிற்கவில்லை. அடுத்த முறை வாக்குச்சீட்டை நம்பச் சொன்னால், எத்தனை இளைஞர் நம்புவார்கள்?

யாப்புப் பிழை இருந்தால் அதை வாக்கெடுப்புக்கு முன் சுட்டிக்காட்ட வேண்டும். அங்கத்துவப் பட்டியலை முதல் நாளே மூன்று வேட்பாளரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். முடிவு பிடிக்காத பிறகு பட்டியலைப் பிழை பிடிப்பது, சட்டப்படி முடியுமாக இருக்கலாம், நேர்மை ஆகாது. வென்ற பக்கத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு: செயலாளரைத் தெரிவுசெய்யும்போது, தோற்ற பக்கத்தின் 137 பேரையும் அணைத்துப்போயிருக்க வேண்டும்.

பொதுச்சபை உறுப்பினர்களிடம் கேட்பது இதுதான். நாடாளுமன்றக் குழுத் தலைவருக்கு ஒரு தவணையை யாப்பில் எழுதுங்கள். இரகசிய வாக்கில் தெரியுங்கள். அதே உறுப்பினர்கள், அதே இரகசிய வாக்கில், அவரை விலக்கவும் வழி வையுங்கள். உறுப்பினர் ஒருவர் நோயால் ஆறு மாதம் சபைக்கு வர இயலாவிட்டால் ஆசனத்தை அடுத்தவரிடம் விடுவார் என்ற உறுதிமொழியை வேட்புமனுவில் கையெழுத்திடும் நாளிலேயே வாங்குங்கள். முதலில் அதைத் திருகோணமலை வேட்பாளரிடம் வாங்குங்கள்.